அணை உடைந்த காலையில் பிறந்தவள்

அணை உடைந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். பிறந்துகொண்டிருந்தேன்.

கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார்கள். நான் என்ன செய்ய? அங்கே மலைக்கு அடியில் அணை உடைந்து மூன்று ஊர்களைத் தண்ணீர் கொண்டுபோன அதே காலையில், இங்கே தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னை வெளியே எடுத்தார்கள். நாடே டிவி முன்னால் உட்கார்ந்து அழுத நாள். அன்று முதல் அந்தத் தேதி துக்க நாள். கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காப்போம். அந்த மௌனத்தின் நடுவில், "இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள்" என்று பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்து நான் முட்டி போட்டிருக்கிறேன். என் கேக்கை எப்போதும் மறுநாள்தான் வெட்டுவோம். ஆறிப்போன காபி மாதிரி ஒரு பிறந்தநாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் வயிற்றெரிச்சல் வேறு. எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் அந்தக் காலை நேற்று நடந்தது போல நினைவிருக்கிறது. நான் பிறந்தது மட்டும் ஒருத்தருக்கும் நினைவில்லை.

பெரியப்பா கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தாராம். பக்கத்து வீட்டு டிவியில் செய்தியைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்தவர், அன்று முழுக்க அதைத் தொடவே இல்லையாம். "ஒரு கன்னம் வழவழன்னு, ஒரு கன்னம் முள்ளு முள்ளா. அப்படியேதாம்மா உன்னப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன்" என்பார். சரி, வந்து பார்த்தீர்களே, நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால் மோவாயைத் தடவி யோசிப்பார். "துணில சுத்தி வச்சிருந்தாங்க" என்பார். அவரைப் பொறுத்தவரை நானும் ஒரு பார்சலும் ஒன்று.

அத்தை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். டிரைவர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுத கதையை அவள் சொன்னால் கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். வருடத்துக்கு வருடம் அந்த பஸ்ஸில் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது, அது வேறு விஷயம். அப்பா ஆஸ்பத்திரியிலேயேதான் இருந்தார். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு எதிரே நின்றிருக்க வேண்டிய மனிதர், வராந்தாக் கோடியில் மாட்டியிருந்த டிவிக்கு அடியில் நின்றிருக்கிறார். என்னைக் கொண்டுவந்து காட்டியபோது டிவியில் கூரைகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. "பார்த்தேன்மா, பெத்த பொண்ணப் பார்க்காம இருப்பேனா?" என்பார். ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சொல்ல மாட்டார்.

அம்மாவாவது? அம்மாவுக்கு மயக்க மருந்து. "கண்ணு முழிச்சேன். சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் அழறாங்க. என் குழந்தை போயிடுச்சுன்னு நெனச்சு நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வார்டே ஆடிப்போச்சு. அப்புறம்தான் தொட்டில்ல நீ கெடக்கறதப் பார்த்தேன்."

ஆக, என்னை முதலில் பார்த்தது யார்? அந்த முகம் எப்படி இருந்தது? அழுதுகொண்டே தூக்கினார்களா, இல்லை, ஒரு நொடியாவது என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்களா? எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இதைச் சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும். கேக் எனக்கு வேண்டவே வேண்டாம்.

நான் வானொலி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். உடனே அறிவிப்பாளர் என்று நினைத்துவிடாதீர்கள். என் குரலைக் காற்றில் விட அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்குக் கொடுத்திருப்பது போன் அறை. ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம், அவ்வளவு பெரிய அறை. முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்ட்ரோல் அறை, அதற்கும் அப்பால் ஸ்டூடியோ. ஸ்டூடியோவில் எங்கள் அறிவிப்பாளர் அண்ணன். வெண்கலக் குரல் என்பதால் நிலையம் முழுக்க அவருக்கு வெண்கலம் என்றுதான் பேர். கன்ட்ரோல் அறையில் ஒலியை ஏற்றி இறக்குகிற அக்கா. கன்ட்ரோல் அக்கா விரலை இறக்கினால் வெண்கலமும் வெறும் தகரம்தான். அது அவருக்கும் தெரியும் என்பதால் அக்காவிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பார்.

முப்பதாவது வருடத்துக்காக நிலையம் ஒரு நேரடி நிகழ்ச்சி அறிவித்தது. அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நேயர்கள் காலை முழுக்க போனில் வந்து சொல்ல வேண்டும். அந்தத் தேதியில் வழக்கமாக லீவு போட்டுவிட்டுப் போர்வைக்குள் கிடக்கிற நான், முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். நாடே பேசப்போகிறது. அந்த நாட்டில் ஒருத்தராவது நான் பிறந்த அறையில் இருந்திருக்க மாட்டாரா?

"நீயா? அன்னைக்கு நீ பாலுக்கு அழுதுக்கிட்டு இருந்திருப்ப" என்றார் வெண்கலம்.

"அழுதேனா இல்லையான்னே தெரியலண்ணா. அதக் கண்டுபிடிக்கத்தான் வரேன்" என்றேன்.

போன் அறை வேலையில் மூன்று பாடங்கள்தான். முதலாவது, பேச வருகிறவரிடம் வீட்டு ரேடியோவைக் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும். குறைக்காவிட்டால் அவர் பேசுவது அவருக்கே திரும்பக் கேட்டு ஊளையிடும். இரண்டாவது, அனுப்பு என்று எழுதியிருக்கிற பொத்தானை அழுத்தினால் ஆள் ஸ்டூடியோவுக்குப் போய்விடுவார். அழுத்திய கையோடு நான் ரிசீவரை வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் என் குரலும் ஒட்டிக்கொண்டு போகும். மூன்றாவதுதான் முக்கியம். யாரிடமும் கதையைக் கேட்கக் கூடாது. எங்கே இருந்தீர்கள் என்று ஒரு வரி, அத்தோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். என்னிடம் ஒருமுறை முழுசாகச் சொல்லிவிட்டால், காற்றில் இரண்டாம் முறை சொல்லும்போது கதை சப்பென்று ஆகிவிடும். முதல் தடவை வருகிற நடுக்கம் மறுபடி வராது. நல்ல கதையைப் போன் அறையிலேயே கொன்றுவிட்டாய் என்று கன்ட்ரோல் அக்காவிடம் ஆரம்பத்தில் எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலை போன்கள் போட்ட போடு இருக்கிறதே! நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன்பே மேசையில் எல்லா போன் லைனின் விளக்கும் மினுக் மினுக் என்று எரிகின்றன. எடுக்கிறேன், கேட்கிறேன், நிறுத்துகிறேன், அனுப்புகிறேன்.

"நான் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்தேன்மா. வெளிய எடுத்துவிட்டாங்க, பார்த்தா ஆபீஸ்ல ஒருத்தரும் இல்ல. எனக்காகத்தான் எல்லாரும் அழறாங்கன்னு நெனச்சேன்."

"அருமை சார், அங்கயே நிறுத்துங்க. மிச்சத்த அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"நான் ஏணி மேல நின்னு பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்தேன். டப்பாவ கீழ போட்டுட்டேன். அந்தக் கறை இன்னும் அந்த வாசல்ல இருக்கு."

"சொல்லுங்க, சொல்லுங்க, என்கிட்ட இல்ல! லைன்ல இருங்க."

ஒரு பெண் தன் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த கதையோடு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பாதியில் எழுந்துபோனார்களாம். போனவர்கள் திரும்பவே இல்லையாம். அதனால்தான் தப்பித்தேன் என்றாள். ஒருவர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அதைச் சொல்லவே வெட்கப்பட்டார். எனக்கு ஒரே கொண்டாட்டம். துக்க நாளில் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். நாட்டில் இருக்கிற எல்லா அறைகளின் கதவும் ஒவ்வொன்றாகத் திறந்து எனக்குக் காட்டுகிற மாதிரி இருந்தது. என் அறை மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஒவ்வொரு விளக்கு எரியும்போதும் இதுதான், இதுதான் என்று கை பரபரத்தது.

பத்து மணிச் செய்திக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. ஓரத்தில் இருந்த விளக்கு எரிந்தது.

"வணக்கம், அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

மெல்லிய குரல். வயதான அம்மா. "நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தேன்மா. அப்ப நான் நர்ஸ். ஒரு குழந்தைய எடுத்துக்கிட்டு இருந்தோம்."

எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. "எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னார். அதேதான்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேள், கேள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்டால் கதை செத்துவிடும். கேட்காமல் அனுப்பினால் வெண்கலம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, 'உங்கள் நினைவுகளுக்கு நன்றி' என்று அறுத்துவிடுவார். குழந்தை அழுததா என்று கேட்க அவருக்கு எப்படித் தோன்றும்? நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் அக்காவின் குரல் என் அறை ஸ்பீக்கரில் பாய்ந்தது.

"பேசிக்கிட்டு இருந்த ஆள் கட்டாயிட்டாரு! அடுத்தது குடு, சீக்கிரம்!"

வேறு யாரும் தயாராக இல்லை. அனுப்பு பொத்தானை அழுத்தினேன். ஸ்பீக்கரில் வெண்கலம் இன்னும் நிகழ்ச்சியின் பேரையும் நிலையத்தின் அலைவரிசையையும் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். அவர் ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அதற்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் என்ன என்று எனக்குள் ஒரு குரங்கு எட்டிப் பார்த்தது. அந்த அம்மாவின் குரல் வேறு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகக் குறைத்தேன். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். ரேடியோவைக் குறைத்துவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி. அந்தக் குழந்தை பிறந்ததும் அழுதுச்சா?"

"அழலம்மா" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "தும்முச்சு."

"என்னது?"

"தும்முச்சு. டாக்டரம்மா தலைகீழாத் தூக்கறாங்க, எல்லாரும் அழுகைச் சத்தத்துக்குக் காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறோம், அது என்னடான்னா அச்சுன்னு ஒரு தும்மல். அப்படியே கண்ணத் தொறந்து, யாருடா தும்முனதுங்கற மாதிரி எங்களையே முழிச்சுப் பார்த்துச்சு. அந்த ரூமே சிரிச்சுது. டாக்டரம்மா சிரிக்கறாங்க, மயக்க மருந்து டாக்டர் சிரிக்கறாரு. நானும் சிரிச்சேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. நான் வந்தபோது சிரித்திருக்கிறார்கள்! ஒரு ரூம் முழுக்கச் சிரித்திருக்கிறார்கள்! எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. ரிசீவர் வயர் எட்டவில்லை.

"அப்ப உங்களுக்கெல்லாம் அணை விஷயம் தெரியாதா சிஸ்டர்?"

அவர் சிரிப்பு நின்றது.

"அவங்களுக்குத் தெரியாது" என்றார். "எனக்குத் தெரியும்."

எனக்குக் குதிக்கிற ஆசை போய்விட்டது.

"டாக்டரம்மா கைல கத்தி இருக்கு. அப்பத்தான் கதவ யாரோ தட்டுனாங்க. நான்தான் போயி லேசாத் தொறந்தேன். வார்டு ஆயா நிக்கறாங்க. அணை உடைஞ்சிடுச்சு சிஸ்டர், உங்க தங்கச்சி ஊருகூட போயிடுச்சாம், டிவில காட்டறான்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. கதவச் சாத்திட்டேன். என்ன சத்தம்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஒண்ணுமில்ல டாக்டர்னு சொல்லிட்டு எடத்துக்கு வந்து நின்னுட்டேன். அவங்களுக்கும் அந்தப் பக்கத்துல சொந்தக்காரங்க இருந்தாங்கம்மா. சொல்லியிருந்தா கை நடுங்கியிருக்கும். முகத்துல மாஸ்க் இருந்துச்சு, நல்லதாப் போச்சு. கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். அந்தக் கண்ண எங்க வைக்கறதுன்னு தெரியல. வேற எங்க பார்த்தாலும் அழுதுடுவேன். குழந்தைய என் கைல குடுத்தாங்க. அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். அது தும்முச்சு. நான் சிரிச்சுட்டேன்."

"டாக்டரம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சிரிச்சீங்களா?"

"இல்லம்மா. அதான் விஷயமே. நெஜமாவே சிரிச்சேன். என் தங்கச்சி தண்ணில போய்க்கிட்டு இருக்கா, நான் ஒரு குழந்தைய வச்சுக்கிட்டு வாய்விட்டுச் சிரிக்கறேன். தையல் போட்டு முடிச்சதும் நானே எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்கப்புறம் எல்லாரும் அழுதாங்க. என்னால முடியல."

"தங்கச்சி?"

"கெடைக்கல. அவ வீடு இருந்த எடத்துல சேறுதான் இருந்துச்சு." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "வருஷா வருஷம் எல்லாரும் அன்னைக்கு எங்க அழுதேன்னு சொல்றாங்க. நான் எங்க சிரிச்சேன்னு எப்படிம்மா சொல்றது? இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன் குரலக் கேட்டதும் என்னவோ சொல்லிட்டேன்."

நான் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. கேட்கவே பயமாக இருந்தது. "அன்னைக்குக் காலைல அங்க எத்தனை ஆபரேஷன் நடந்துச்சு?"

"அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் தள்ளி வச்சுட்டாங்க. பெண் குழந்தை."

"சிஸ்டர்" என்றேன். "அந்தக் குழந்தை நான்தான்."

போன் கட்டாகிவிட்டதோ என்று பயந்து, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்தினேன்.

"இருக்கேன்" என்றார். "நல்லா இருக்கியா கண்ணு?"

அந்த ஒரு கேள்வியை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று நான் பைத்தியக்காரி மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் நான் பிறந்தது ஞாபகம் இல்லை, பெற்ற அம்மாவுக்குக்கூட இல்லை, நீங்கள் ஒருத்தர்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். கொட்டிக்கொண்டே தற்செயலாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன்.

வெண்கலம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. கன்ட்ரோல் அக்கா என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டுகிறாள். மாட்டிக்கொண்டோம், விதியை மீறிக் கதையைக் கேட்டது தெரிந்துவிட்டது, இன்றோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். தொலைந்தது தொலைந்ததுதான், இன்னும் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன். அக்கா எழுந்து ஓடி வந்து என் அறைக் கதவைத் தள்ளித் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஸ்பீக்கர் குமிழைத் திருகினாள்.

"...அப்படி முழிச்சுப் பார்த்துச்சு கண்ணு, இப்பக்கூட எனக்கு அந்த முழி ஞாபகம் இருக்கு" என்று சிஸ்டரின் குரல் ஸ்பீக்கரிலும் கேட்டது, ரிசீவரிலும் கேட்டது.

என் கையைப் பார்த்தேன். அனுப்பு பொத்தான் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ரிசீவர் என் கையில் இருந்தது. வைக்கவே இல்லை.

"முதல்ல இருந்தா?" என்று சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்.

"தும்மல்ல இருந்து" என்று அக்காவும் உதட்டை அசைத்தாள். அவள் கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது.

சிஸ்டருக்கு நான்தான் அறிவிப்பாளர் என்ற நினைப்பு. வெண்கலம் அன்று அபூர்வமாகச் சுருக்கமாக முடித்துவிட்டு அவருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்; அதே நேரத்தில் நான் குறுக்கே புகுந்து கேள்வி கேட்டிருக்கிறேன். வெண்கலம் ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கி நின்றார் என்பதைப் பிறகு கேள்விப்பட்டபோது நிலையத்தில் ஒருவரும் நம்பவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாடு முழுக்க என் தும்மல் போயிருக்கிறது. அதற்குள் மேசையில் இருந்த அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தன. இப்படி எரிந்து நான் பார்த்ததே இல்லை. அக்கா பக்கத்து போன் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள். வைத்தவள் உடனே எட்டப் பிடித்தாள்.

"அடியே!" அது என் அம்மா. போனைக் காதில் வைக்காமலே கேட்டது. அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள்; பக்கத்து சீட்டில் இருப்பவனுக்குச் சொல்வதை அடுத்த சிக்னல் வரைக்கும் சொல்லிப் பழகிய தொண்டை. "வண்டிய ஓரங்கட்டச் சொல்லிட்டு ரோட்டுல நின்னு பேசறேன். அந்த சிஸ்டர் இன்னும் லைன்ல இருக்காங்களா? என்னைச் சேர்த்து விடு. இப்பவே!"

"அம்மா, இது நேரடி ஒலிபரப்பு..."

"தெரியும்டி! உன் கூத்தத்தான் ஊரே கேட்டுச்சே! சேர்த்து விடு!"

அக்காவைப் பார்த்தேன். செய்தி வாசிக்கிறவர் கையில் தாள்களோடு ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றுவிட்டார். மணி பத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் நிலையத்தில் செய்தி ஒருநாளும் ஒரு நொடி தாமதமானதில்லை. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சுவரோரமாக நகர்ந்துகொண்டார். அக்கா தன் மேசைக்கு ஓடினாள். நான் அம்மாவின் லைனில் அனுப்பு பொத்தானை அழுத்தினேன். இந்த முறை இரண்டு ரிசீவரையும் ஒழுங்காக வைத்தேன்.

"சிஸ்டர், நான் அந்தப் பொண்ணோட அம்மா பேசறேன்" என்றாள் அம்மா. பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "நான் கண்ணு முழிச்சப்ப எல்லாரும் அழுதாங்க. அந்த அழுகைதான் எனக்கு ஞாபகம். அதுக்கு முன்னாடி சிரிச்சீங்கன்னு எனக்குத் தெரியாது."

"மன்னிச்சுக்கங்கம்மா. நாந்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நீங்க முழிக்கற வரைக்கும் பொறுத்திருக்கணும்."

"அத விடுங்க. உங்க தங்கச்சி எப்படி இருப்பாங்க?"

சிஸ்டர் பேசவில்லை. வெண்கலமும் பேசவில்லை. வானொலியில் அமைதி என்றால் எங்களுக்கெல்லாம் குலை நடுங்கும். ஒரு நொடி சத்தம் இல்லாவிட்டாலும் நிலையம் படுத்துவிட்டது என்று ஊர் நினைக்கும். அக்காவின் விரல் குமிழின் மேல் இருந்தது. அவள் அதை இறக்கவில்லை.

அம்மாவின் லைனில், "மேடம், வண்டிய எடுக்கலாமா?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. "சும்மா உக்காருங்க சார்!" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது, "சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

"யாரும் கேட்டதில்லம்மா" என்றார் சிஸ்டர். "நான் சிரிச்சத மறைக்கணும்னு அவளப் பத்திப் பேசறதையே விட்டுட்டேன். எனக்கு எளையவ. ஆனா என்ன விட உயரம். என் செருப்பு அவளுக்குப் பத்தாது, அவ சட்டை எனக்குத் தொளதொளன்னு இருக்கும். கணக்குல மக்கு. சாப்பிடும்போது பேசிக்கிட்டே இருப்பா, வாய மூடுடின்னு நான் திட்டிக்கிட்டே இருப்பேன். அந்த வாரம் போன் பண்ணா. டூட்டில இருக்கேன், அப்புறம் பேசுன்னு..." குரல் உடைந்தது. "அப்புறம் பேசுன்னு சொன்னேன்."

"ம்" என்றாள் அம்மா.

"எனக்கு அழத் தெரியலம்மா. அன்னைக்கே வரல. சிரிச்சவளுக்கு அழ என்ன உரிமை இருக்குன்னு..."

"சிஸ்டர்" என்றாள் அம்மா. "என் பொண்ணு வரவேண்டிய நேரத்துல நீங்க அழாம நின்னீங்க. அவ பொறந்ததப் பார்த்துச் சிரிக்க அன்னைக்கு நீங்க இருந்தீங்க. நான்கூட இல்ல. அந்தச் சிரிப்பு எங்களுது, அத நாங்க பத்திரமா வச்சுக்கறோம். நீங்க இப்ப அழுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

முப்பது வருடம் அடக்கி வைத்த அழுகை ஸ்பீக்கர் வழியாக என் சின்ன அறை முழுக்க நிறைந்தது. அம்மா நடுநடுவே "ம்" என்று மட்டும் சொன்னாள். செய்தி வாசிக்கிறவர் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் மேசையில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன. நான் எதையும் எடுக்கவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை நாங்கள் எல்லோரும் அங்கேயே இருந்தோம்.